உறையின் மொழியும் உழைப்பாளியின் மொழியும்

வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மாவட்டத்தின் தலைமையிடமான மாயாபந்தரில் ஒரு தாய் கடையில் வாங்கும் பொட்டலம் நெடும்பயணம் செய்து வந்த பொட்டலமாகும். சென்னையிலோ கொல்கத்தாவிலோ விசாகப்பட்டினத்திலோ அது கப்பலேறுகிறது. ஏறத்தாழ மூன்று நாட்கள் கடலைக் கடந்து போர்ட் பிளேரில் இறங்குகிறது. (2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றியது, பெயரை மாற்றுவதற்குக் கப்பல் தேவைப்படுவதில்லை.) அங்கிருந்து பெருஞ்சாலை வழியே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வடக்கே சென்றால்தான் மாயாபந்தர். இத்தனை தொலைவு கடந்து வந்த உறையின் மீதுள்ள விவரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. சிலவற்றில் இந்தியும் உண்டு. வாங்குகிற தாயின் மொழியோ பல வேளைகளில் இவ்விரண்டுமல்ல.

1925இல் பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் பர்மாவிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய காரென் மக்களின் வழித்தோன்றலாக அவர் இருக்கலாம். மாயாபந்தரை அடுத்த வெபி அவர்களது பழைய குடியிருப்பு. காடு வெட்டுவதற்கென்று சோட்டாநாக்பூரிலிருந்து அழைத்துவரப்பட்டு, இன்றும் ‘ராஞ்சிக்காரர்’ என்ற பொதுப்பெயரால் மட்டும் அறியப்படும் ஆதிவாசித் தொழிலாளர் குடும்பத்தவராக இருக்கலாம். கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்து குடியமர்த்தப்பட்ட வங்காளியாக இருக்கலாம். கூலிவேலைக்கென வந்து தங்கிவிட்ட தமிழராகவோ தெலுங்கராகவோ இருக்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வங்க மொழியினர் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். தமிழர் ஏறத்தாழ 15 விழுக்காடு. ஆனால் பொட்டலத்தில் கட்டாயமாக இடம்பெற வேண்டிய விவரங்கள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ அல்லது ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள் கூறுகின்றன. உணவுப் பொருட்களுக்கான 2020ஆம் ஆண்டின் உறைக்குறிப்பு விதிகள் கூறுவதும் இதுவே. பிற மொழிகளில் அச்சிடுவதற்குத் தடையில்லை. ஆனால் அச்சிட வேண்டிய கடமையும் இல்லை. தமிழ்நாட்டின் கடைக்கோடிக் கிராமத்துக்கும் இதே விதிதான். மாயாபந்தரில் அதன் அநீதி கூடுதலாகக் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே.

‘விழித்தெழு நுகர்வோரே’ என்று ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை இருபது ஆண்டுகளாக விளம்பரம் செய்துவருகிறது. உறையைப் படித்து வாங்கு, ரசீது கேள், காலாவதித் தேதியைப் பார், அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் கொடுக்காதே என்பனவெல்லாம் அதன் அறிவுரைகள். இவை தவறானவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நமது தோழர்களும் சொல்ல வேண்டாம். நாம் கேட்பது வேறு. அறிந்து தேர்வு செய்யும்படி மக்களுக்குக் கற்பிப்பது யாருடைய கடமை? கற்றுக்கொள்வதற்கான பாடத்தை மறைத்து வைத்திருப்பவர் யார்?

அண்மைக்கால நிகழ்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆங்கில வார ஏடுகளில் ஒருமுறை செய்தியாகி மறைந்துபோன விஷயம் அது. உண்மையில் ஒரு பாடநூலுக்குரியது.

வயிற்றுப்போக்குக்கு ஆளான குழந்தையைக் காப்பாற்றுவது உப்பு-சர்க்கரைக் கரைசல். ஓ.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்தில் அதை உலகம் அறியும். உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாட்டில் ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு சேர்கின்றன. இந்த அளவுகள் தன்விருப்பமாக வைத்தவை அல்ல. குடலின் சுவரில் சர்க்கரையும் உப்பும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டே உள்ளே நுழைகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீர் நுழைகிறது. சர்க்கரை அளவுமீறினால் நடப்பது தலைகீழ்: குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு மேலும் கூடும்.

இந்த மூன்றெழுத்தைப் பெயரில் ஒட்டிக்கொண்டு, பழச்சாற்றுச் சுவையுடன் காகிதப் பெட்டிகளில் அடைத்த இனிப்புப் பானங்கள் மருந்துக்கடைகளிலும் பள்ளிகளுக்கு அருகிலும் விற்கப்பட்டன. சிலவற்றில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து ஏறத்தாழ எட்டாண்டுகள் தனியொருவராகப் போராடினார். 2022 ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இப்பானங்கள் அப்பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றது. மூன்றே மாதங்களில், அதே ஆண்டு ஜூலையில், தனது நிலையைத் தளர்த்திக்கொண்டது. பெயர் இருக்கலாம், ஆனால் ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அன்று’ என்ற பொருள்படும் வாசகத்தை உறையில் சேர்த்துவிட வேண்டும் என்பதே அந்தத் தளர்வு.

இந்தத் தீர்வை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். முன்பக்கத்தில் ஓ.ஆர்.எஸ். என்று பெரிதாக எழுதிக்கொள், அது ஓ.ஆர்.எஸ். அல்ல என்று எங்கேனும் எழுதிவிடு. படித்துத் தெளிவது வாங்குபவரின் பொறுப்பு! அறிந்து தேர்வு செய்யும் நுகர்வோர் என்ற கோட்பாட்டை நிறுவனங்கள் எவ்வாறு தமக்குக் கேடயமாக்கிக்கொள்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைக்காது. மழைக்காலத்து இரவில் குழந்தை துவண்டு கிடக்க, மாயாபந்தரின் வங்காளித் தாயோ காரென் தாயோ கடைக்காரரிடம் ‘ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கியிருந்தால், அவர் விழிப்பற்றவரா? அவர் கற்பிக்கப்பட்டதைச் சரியாகவே கற்றிருந்தார். அரசின் நலப்பணியாளர்கள் சொல்லித்தந்த பெயரைத்தான் கேட்டார். அவருடைய அறிவையே முதலீடாக்கி ஒரு சந்தை நடந்துகொண்டிருந்தது.

2025 அக்டோபர் 14இல் ஆணையம் தன் முந்தைய அனுமதிகளைத் திரும்பப் பெற்றது. பெயரின் முன்னோ பின்னோ அந்த மூன்றெழுத்தை எந்த உணவுப் பொருளும் தாங்கக்கூடாது என்றது. நிறுவனங்கள் தில்லி உயர்நீதிமன்றத்தின் படியேறின. இத்தடையை எதிர்த்த ஒரு பெரிய மருந்து நிறுவனத்தின் கோரிக்கையை நீதிமன்றம் அம்மாத இறுதியில் ஏற்க மறுத்தது. இது ஒரு மருத்துவரின் வெற்றி. அவரோடு நின்ற தாய்மாரின் வெற்றி. ஆயினும் 2022 ஜூலை முதல் 2025 அக்டோபர் வரையிலான 39 மாதங்களில் விற்றுத் தீர்ந்த பெட்டிகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை எந்த ஆணையும் எழுப்பவில்லை. கப்பலில் வந்த சரக்கு கப்பலில் திரும்பிச் செல்வது அரிது என்பதை அறிந்தவர்களுக்கு, தீவுக் கடைகளின் அடுக்குகளைச் சரிபார்த்தவர் யார் என்ற கேள்வியும் எழும்.

உண்மையான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அரசு மருத்துவமனைகளிலும் நலநிலையங்களிலும் துத்தநாக மாத்திரைகளுடன் இலவசமாகக் கிடைக்க வேண்டியது. பொட்டலம் கைக்கெட்டாத வேளையில், ஒரு லிட்டர் தூய நீரில் தட்டையாக அளந்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்த கரைசல் உடனடி உதவியாகும். இந்த ஒரு வரியை மாயாபந்தரின் எல்லா மொழிகளிலும் சுவரெழுத்தாக்க எவ்வளவு செலவாகிவிடும்?

இக்கரைசலின் வரலாறே அத்தீவு மக்களின் வரலாற்றோடு தொடர்புடையது. 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளின் முகாம்களில் காலரா பரவியது. பன்காவ் முகாமில் நரம்புவழிச் செலுத்தும் திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் சமையல் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் கரைத்து வைத்தார். நோயாளிகளின் உறவினர்களையே அதைப் புகட்டச் செய்தார். 30 விழுக்காடு அளவிலிருந்த மரண விகிதம் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. மருத்துவர் பட்டமில்லாத மனிதர்களின் கையில் மருத்துவ அறிவை ஒப்படைக்கலாம் என்று மெய்ப்பித்தவர் அவர்.

அதற்கடுத்த அத்தியாயம் கற்பித்தல் பற்றியது. நமது பொருளுக்கு அதுவே முக்கியம். 1980 முதல் பத்தாண்டுகள் வங்கதேசத்தில் பிராக் என்ற அமைப்பின் பெண் ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று, 1.2 கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களில், மூன்று விரலால் எடுத்த உப்பும் ஒரு கைப்பிடி வெல்லமும் அரைச்சேர் நீரும் கலக்கும் முறையைத் தாய்மாருக்குக் கற்றுத்தந்தனர். அளவைக் கருவி அவரவர் கைவிரல்களே. துண்டறிக்கை கிடையாது, படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய தேவையும் கிடையாது. தாயின் மொழியில், தாயின் அடுக்களையில், தாயின் கையாலேயே கலக்கச் செய்தனர். அதனினும் சிறப்பு ஊதிய முறை: சில நாள் கழித்து வேறொருவர் அவ்வீட்டுக்குச் சென்று தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார் என்று சோதிப்பார், அதைப் பொறுத்தே கற்பித்த ஊழியரின் ஊதியம் அமையும். கற்றவர் மறந்தால் பொறுப்பு கற்பித்தவருக்கு. தன்னார்வ அமைப்புகளின் அரசியல் குறித்து நமக்கு விமர்சனங்கள் உண்டு. அரசு விலகிக்கொண்ட இடத்தை அவை நிரப்புவதை நாம் கொண்டாடுவதில்லை. ஆனால் இம்முறையிலிருந்து கற்றுக்கொள்வதற்கு அது தடையன்று. ‘விழித்தெழு’ விளம்பரத்துக்குச் செலவிட்ட நமது அமைச்சகம், அதைக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு என்ன நினைவிருக்கிறது என்று வீடு தேடிச் சென்று கேட்டதுண்டா?

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆங்கில மூலங்களைத் தமிழாக்கும் வேலையில் நாள்தோறும் ஈடுபட்டிருப்பவர்களின் கண்ணில் இத்தகைய மாற்றங்கள் முள்போல் தைக்கும். 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எண்ணிச் சொன்ன ஆறு உரிமைகளில் கடைசியானது ‘நுகர்வோர் கல்விக்கான உரிமை’. அதனை நீக்கிவிட்டு நரேந்திர மோடி அரசு கொண்டுவந்த 2019ஆம் ஆண்டின் சட்டமும் ஆறு உரிமைகளையே பட்டியலிடுகிறது. கடைசியானது ‘நுகர்வோர் விழிப்புணர்வுக்கான உரிமை’ ஆகிவிட்டது. கல்வி என்றால் கொடுப்பவர் ஒருவர் இருந்தாக வேண்டும். ஆசிரியர், பாடம், பள்ளி, நிதி எல்லாம் வேண்டும். உரிமை கேட்பவர் யாரிடம் கேட்பது என்பது தெளிவு. விழிப்புணர்வோ விழிப்பவரைச் சார்ந்தது. விழிக்காமல் போனால் பிழை உறங்கியவரிடம். ஒரு சொல்லை மாற்றியதால் மட்டுமே அரசு தன் கடமையைக் கைகழுவிவிட்டது என்று நாம் வாதிடவில்லை. கைகழுவும் போக்குக்கு ஏற்ற சொல் தேடிக் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது என்பதே நமது கருத்து.

அப்போக்கைப் பிற இடங்களிலும் காணலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருட்களுக்கு ஜிஎஸ்டி குறைக்கப்பட்டது. பிஸ்கட்டுக்கு 18லிருந்து 5 விழுக்காடாயிற்று. குறைந்த வரி விலையில் பிரதிபலிக்கவில்லையென்றால் முறையிடுவதற்கென்று ஜிஎஸ்டி சட்டத்திலேயே கொள்ளை லாபத் தடைப் பிரிவு ஒன்று உண்டு. அதன் கீழ்ப் புதிய புகார்கள் 2025 ஏப்ரல் 1 முதல் ஏற்கப்பட மாட்டா என்று ஒன்றிய அரசு முன்கூட்டியே அறிவித்துவிட்டது. கதவை ஏப்ரலில் மூடிவிட்டு, விலை குறைந்ததா என்று விழிப்புடன் பார்த்துக்கொள்ளும்படி செப்டம்பரில் மக்களுக்குச் சொன்னார்கள். பழைய விலை அச்சிட்ட சரக்கு மாதக்கணக்கில் அடுக்கில் கிடக்கும் தீவுக் கடையில் இதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை. அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது குற்றம்தான். ஆனால் அந்த அதிகபட்சத்தை எவ்வளவு உயரத்தில் வைக்கலாம் என்பதற்கு, விலைக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்துகள் போன்ற சில நீங்கலாக, வரம்பே கிடையாது.

படித்தாலும் பயனில்லாத இடங்களும் உள்ளன. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தைக் குடித்து உயிரிழந்தனர். அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இயங்கிய ஸ்ரீசன் நிறுவனத்தின் தயாரிப்பு. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வில் அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு கண்டறியப்பட்டது. குப்பியின் உறையில் தயாரிப்புத் தொகுதி எண் இருந்தது, தேதி இருந்தது, விலை இருந்தது. ஒவ்வோர் எழுத்தையும் படித்த பெற்றோராலும் அந்த நச்சைக் கண்டிருக்க முடியாது. அதைக் காண வேண்டியவர்கள் ஆய்வாளர்கள், ஆய்வகங்கள், ஒன்றிய, மாநில அரசுகள் இரண்டும். தரங்குறைந்த மருந்துகள் தொடர்பான 27(டி) பிரிவுக் குற்றங்களைப் பணம் கட்டி இணக்கமாக முடித்துக்கொள்ள 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் வழிதிறந்ததை நாடாளுமன்றத்துக்கு உள்ளேயும் வெளியேயும் இடதுசாரிகள் எதிர்த்தது இதனால்தான்.

அப்படியானால் கற்பித்தல் வீண் என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் வர்க்கப் போராட்டத்தின் இறுதி வெற்றிக்கு ஒத்திவைத்துவிடலாமா? நம்மிடையே சிலருக்கு நுகர்வோர் பிரச்சனை என்றாலே நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் இருக்கிறது. அது பிழையான எண்ணம். பகலில் கூலியைக் குறைத்துக் கொடுப்பவரும், மாலையில் ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தின் எடையைக் குறைத்து விற்பவரும் ஒரே வர்க்கத்தவர். குறிப்பிட்ட சில பொருட்களை இன்ன இன்ன எடைகளில் மட்டுமே பொட்டலமிட வேண்டும் என்றிருந்த அட்டவணையை ஒன்றிய அரசு 2022இல் நீக்கிவிட்டது. அதன் பிறகு விலை அப்படியே நிற்க எடை மட்டும் சிறுகச் சிறுகத் தேய்வதற்கு இருந்த தடையும் அகன்றது. கூலி உயர்வுக்குப் போராடும் சங்கம் இந்தக் களவைப் பற்றிப் பேசாமலிருக்க முடியுமா?

மொழிகள் பலவாயுள்ள நாட்டில் எழுத்தின் துணையின்றியே எச்சரிக்க முடியும் என்பதற்கு நம் கண்முன்னே சான்று இருக்கிறது. உணவுப் பொட்டலத்தில் சைவமெனில் பச்சைப் புள்ளி, அசைவமெனில் பழுப்புக் குறி. மாயாபந்தரில் காரெனும் வங்காளியும் தமிழரும் அதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தேவைப்படவில்லை. இதே எளிமையுடன் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொருட்களுக்கு முன்பக்க எச்சரிக்கைக் குறி இடலாம். சிலி நாடு 2016இல் கறுப்பு எண்கோணக் குறியைக் கட்டாயமாக்கியது. விளம்பரக் கட்டுப்பாடும் பள்ளிகளில் விற்பனைத் தடையும் அதனுடன் சேர்ந்தன. எச்சரிக்கை பெற்ற இனிப்புப் பானங்களை மக்கள் வாங்கும் அளவு அதன்பின் ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு காட்டியது. நமது ஆணையமோ 2022 செப்டம்பரில் வெளியிட்ட வரைவில் எச்சரிக்கைக்கு மாறாக நட்சத்திர மதிப்பீட்டை முன்வைத்தது. நட்சத்திரம் பாராட்டுக்குரிய சின்னம். சர்க்கரை மிகுந்த பொருளுக்கும் அரை நட்சத்திரமேனும் கிடைத்துவிடும். 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் இது குறித்துப் பரிந்துரை அளிக்க மூன்று மாத கெடு விதித்தது. ஜூலையில் கெடு நீட்டிக்கப்பட்டது. இறைச்சி எது, காய்கறி எது என்று உறையில் குறியிடத் தெரிந்த அரசுக்குச் சர்க்கரை எது என்று குறியிடத் தெரியாமற்போவது ஏன் என்பதை நிறுவனங்களின் ஆட்சேபங்களில்தான் தேட வேண்டும்.

எனவே நாம் கோருவன: பொட்டல விதிகளில் விற்பனையாகும் பகுதியின் மொழிகளைக் கட்டாயமாக்க வேண்டும். உணவுறையின் முன்பக்கத்தில் எச்சரிக்கைக் குறி வேண்டும், நட்சத்திரம் வேண்டாம். மூடப்பட்ட கொள்ளை லாபப் புகார்க் கதவு திறக்கப்பட வேண்டும். பொது விநியோகத்தில் பருப்பும் எண்ணெயும் சேர வேண்டும்; மலிவான நல்ல பொருள் அருகில் இல்லாதவரிடம் தேர்வைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. சட்டமன்றம் இல்லாத, துணைநிலை ஆளுநரின் நிர்வாகத்திலுள்ள அந்தமானில் இவற்றைக் கேட்பதற்கு மக்களுக்கு ஒரேயொரு மக்களவை உறுப்பினரே இருக்கிறார். ஆகவே அங்கு மக்கள் இயக்கங்களின் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

அரசு செய்யும்வரை காத்திராமல் தொடங்கக்கூடியதும் உண்டு. அறிவொளி இயக்க நாட்களில் புதுக்கோட்டையின் கல்குவாரிப் பெண்கள் பேருந்துப் பலகையைப் படிக்கக் கற்றனர். மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அப்பாடங்களைத் தயாரித்த தோழர்கள் பலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். மாதர் சங்கக் கிளைக் கூட்டத்தில் ஐந்து காலி உறைகளைக் கொண்டுவந்து வைத்து, எடை எங்கே, விலை எங்கே, சர்க்கரை எங்கே என்று ஒருவர் காட்ட, மற்றவர்கள் விரல் வைத்துத் தேடட்டும். அரை மணி நேரம் போதும். கண்ட குறைகளைப் பதிவு செய்யத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அது தமிழ், வங்கம், தெலுங்கு உள்ளிட்ட 17 மொழிகளில் இயங்குகிறது. காரென் மொழியும், ராஞ்சிக்காரர் பேசும் சாத்ரியும் அந்தப் பதினேழில் இல்லை.